தம்பலகாமத்தில் எரிந்த குளவிகள்

பதினோராம் பக்கத்தில் ஆறு வரிகளை வெட்டியது நீங்கள்தான். பதிப்பாசிரியரே, உங்களைத்தான் சொல்கிறேன். நெல்லைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி நான் எழுதிக் கொடுத்து நீங்கள் அச்சடித்த கையேட்டில், அந்த ஆறு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் மருந்து தெளிக்கும் கருவி ஒன்றின் விளம்பரம் இருக்கிறது. முதுகில் டப்பாவைச் சுமந்துகொண்டு ஓர் ஆள் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை நான் முதன்முதலாகப் பார்த்தது இலங்கையில், தம்பலகாமத்தில், ஒரு பெண்ணின் வீட்டில். அச்சான புத்தகத்தை அதுவரை நான் திறந்து பார்த்ததில்லை. அது என் குற்றம். அதையும் இங்கே எழுதத்தான் போகிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம் முட்டை அட்டை செய்பவள். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அதன்மேல் குளவிகளை விடுவோம். குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது கடுகில் கால்வாசிகூட இருக்காது. இன்னொரு பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். உள்ளே இருப்பதைத் தின்று அதன் குஞ்சு வளரும். புழு வர வேண்டிய முட்டையிலிருந்து குளவி வெளியே வரும். அட்டையை வயலில் கட்டிவிட்டால் மீதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். இருபது வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

போன மழைக்காலத்தில் என் கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கையேட்டின் பின்னட்டையில் என் எண் இருந்தது. பேசியவர் யோகராணி. முன்பள்ளியில் ஆசிரியை, சொந்தமாக இரண்டு ஏக்கர் வயலும் செய்கிறார். அவருடைய தங்கை சிதம்பரம் கும்பிட வந்தபோது கையேட்டை வாங்கிப் போயிருக்கிறார்.

"மிஸ், உங்கட புத்தகத்தில இருக்கிறபடிதான் எல்லாம் செய்தனாங்கள். ஒரு வரியும் விடேல்ல. ஆனா போன பெரும்போகம் வெண்கதிர் முந்தியிலும் பார்க்கக் கூடிப்போச்சு. ஊர் என்னைத்தான் பேசுது. ஒருக்கா வந்து பாப்பீங்களோ?"

பெரும்போகம் என்பது அங்கே மழைக்கால நெல்; வெண்கதிர் என்பது தண்டைப் புழு துளைத்ததால் மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும் கதிர். எனக்குக் கோபம்தான் வந்தது. சொன்னதில் பாதியைச் செய்துவிட்டு முழுதும் செய்தோம் என்று சாதிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்ன தப்புச் செய்தார்கள் என்று கண்டுபிடித்து, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து பேருந்து. உயிருள்ள பூச்சியைக் கடல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அதனால் பூதக்கண்ணாடியும் ஏழெட்டுக் காலிக் கண்ணாடிக் குப்பிகளும்தான் என் பையில் இருந்தன. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லாத குப்பியை இவ்வளவு தூரம் ஏன் கொண்டுவருகிறாய் என்று கேட்டார். பூச்சியைப் பிடித்துப் பார்க்கத்தான், நிரப்பி ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

காட்டு வழியில் பேருந்து நின்றது. நடு ரோட்டில் ஒற்றை யானை. எங்கள் ஊராக இருந்தால் ஓட்டுநர் ஆரன் அடித்தே அதற்கு மதம் பிடிக்க வைத்திருப்பார். இங்கே எஞ்சினை அணைத்துவிட்டார். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பேருந்தே சிரித்தது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கேட்டேன். "யானையாருக்கு நேர அட்டவணை கிடையாது, இண்டைக்கு எங்களுக்கும் கிடையாது எண்டு சொல்லுறார்" என்றார். முக்கால் மணி நேரம் இருந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்த மாதிரி ஒரு மாடி அறை. கீழே சாப்பாட்டுக்கடை. இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார்கள். தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட அந்தத் தண்ணீரைப் பார்த்து, இதற்குச் சாம்பாரே கிடையாதா என்று கேட்டேன். "அது தோசைக்கு அக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கடைக்காரர். சாப்பிட்ட பிறகு இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினேன். கடை வாசலில் மான்கள் நின்று வாழையிலைத் துண்டுகளைத் தின்றன. ஆமாம், மான்கள். எங்கள் ஊரில் மாடு நிற்கிற மாதிரி இங்கே மான் நிற்கிறது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே உள்துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் அசையாமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நஸீரின் ஆட்டோ. பக்கத்து ஊரான கிண்ணியாக்காரர், வயது நாற்பது இருக்கும். பன்னிரண்டு மணிக்குள் ஜும்ஆ தொழுகைக்குத் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அம்மா என்ன வேலையா வந்தீங்க?"

"குளவி பார்க்க."

"குளவியா? குத்துமா?"

"குத்தாது. கண்ணுக்கே சரியாத் தெரியாது."

"கண்ணுக்கும் தெரியாது, குத்தவும் குத்தாது. இதுக்கா பிளேன் ஏறி வந்தீங்க?"

தம்பலகாமத்துக்குத் திரும்பும் கிளை வழியில் வாய்க்கால் உடைத்துத் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடியது. போகலாம் என்றார் நஸீர். போனோம். நடுவில் ஆட்டோ இருமிவிட்டு நின்றது. நான் புடவையைத் தூக்கிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். அசையவில்லை. ஒரு டிராக்டர்காரர் வந்து கயிறு போட்டு இழுத்துவிட்டார். மேட்டில் ஆட்டோ காய்கிற வரையில் நஸீருக்குக் குளவிக் கதை சொன்னேன். நெல் தண்டைத் துளைக்கிற புழுவின் தாய் ஒரு வெள்ளை அந்துப்பூச்சி. ஒரு வகைக் குளவி அந்தத் தாயின் வால் மயிரைப் பிடித்துக்கொண்டு கூடவே பறக்கும். அது முட்டையிட்டதும் இறங்கி, சூடு ஆறுவதற்குள் அந்த முட்டையிலேயே தன் வேலையைக் காட்டிவிடும்.

நஸீர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது அந்துப்பூச்சிட ஓட்டோவில ஏறிப் போய், இறங்கினதும் ஓட்டோக்காரன்ட வீட்டையே பிடிக்குது."

"ஆமா."

"நல்ல பயணி" என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். மணி பதினொன்று ஆகியிருந்தது. என்னை யோகராணி வீட்டு வாசலில் விட்டதும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பறந்துவிட்டார்.

யோகராணிக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். மெல்லிய ஆள். பேச்சில் பள்ளிக்கூட ஒழுங்கு. எருமைத் தயிரும் பாணி என்று அவர்கள் சொல்லும் பாகும் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கையேட்டை எடுத்துவந்தார். பாடப்புத்தகம் மாதிரி பிரவுன் தாளில் அட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அளவுகோல் வைத்து அடிக்கோடு.

"நீங்க என்ன செஞ்சீங்க, முதல்ல அதைச் சொல்லுங்க" என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே.

"கமக்காரர் கூட்டத்தில நான்தான் வாசிச்சனான், மிஸ். பேந்து சனிக்கிழமை சிரமதானம் வச்சம். ஊரே வந்தது. முன்பள்ளித் தாய்மார் எல்லாரும் வந்தவை. வரம்பு வரம்பா நடந்து, பஞ்சு மூடின முட்டைக் குவியல் இருக்கிற இலை எல்லாத்தையும் கிள்ளிச் சொப்பிங் பையில போட்டம். ஆர் கூடக் கிள்ளினது எண்டு போட்டி. நாலு சனிக்கிழமை செய்தம். குளக்கட்டில வைக்கோல் போட்டு எரிச்சம்."

"எரிச்சீங்களா? எரிக்காதீங்கன்னு எழுதியிருக்கேனே."

அவர் பதினோராம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியல்களைக் கிள்ளிச் சேகரித்து அழிக்கவும்." முற்றுப்புள்ளி. அதற்குக் கீழே அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் எழுதியிருந்த மீதி இதுதான். பதிப்பாசிரியரே, நன்றாக வாசியுங்கள். "சேகரித்தவற்றை எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள். பல முட்டைகளுக்குள் புழு இல்லை, நன்மை செய்யும் குளவி வளர்கிறது. மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரின் நடுவே ஒரு பாத்திரத்தில் குவியல்களைப் போட்டு வயலிலேயே வையுங்கள். முதலில் வெளிவரும் புழுக்கள் ஊர்ந்து தண்ணீரில் விழுந்து சாகும். சில நாள் கழித்து வரும் குளவிகள் பறந்து வயலுக்கே திரும்பும். அவற்றை அழித்தால் அடுத்த போகத்துப் புழுவை நீங்களே வளர்க்கிறீர்கள்."

"எரிக்க முந்தி ஒரு நாள் பார்த்தனான், மிஸ்" என்றார் யோகராணி. "முதல் கிழமை மிஞ்சின பை ஒண்டுக்குள்ள கறுப்பா, பொடிப்பொடியா ஏதோ பறந்துகொண்டு திரிஞ்சுது. பழத்தில வருற பூச்சி எண்டு நினைச்சு, வெளியில போகாமப் பையின்ர வாயை இறுக்கிக் கட்டிப்போட்டன்." பிறகு என்னைக் கேட்டார். "அதுதானோ மிஸ்?"

அதுதான் என்றேன். அவர் தயிர்ச் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குள் பிடித்துக்கொண்ட மழை விட்டதும் வயலுக்குப் போனோம். எங்கள் ஊர் மாதிரி நாற்று நடுவதில்லை. சேற்றில் விதையைத் தூவிவிடுகிறார்கள். நிறைய இடத்தில் நடுக்குருத்து காய்ந்து, பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. முட்டைக் குவியல்களைக் கிள்ளிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆரோக்கியமான வயலில் நாலைந்து குவியலுக்கு ஒன்றிலாவது குளவி நடந்துகொண்டிருக்கும். இங்கே முதுகு வலிக்கிற வரையில் குனிந்து தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பக்கத்து வரம்பிலிருந்து ஒரு குரல். "என்ன டீச்சர், இந்தியாவில இருந்து ஆளைக் கூப்பிட்டு முட்டை எண்ண வைக்கிறீங்களோ?"

பக்கத்து வயல்காரர் குணரத்தினம். ஊர் கூடிக் கூலியில்லாமல் வேலை செய்த அந்த நாலு சிரமதானத்துக்கும் வராத ஒரே ஆள். இடுப்பு வலி என்று சொன்னாராம். அப்படிச் சொன்ன அன்றைக்கு மாலையே சைக்கிளில் கந்தளாய்ப் பக்கம் படம் பார்க்கப் போனதை ஊர் பார்த்திருக்கிறது. கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கண்டித்தார்கள். அவர் வயலில் எவரும் கால் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. போன பெரும்போகத்தில் வெண்கதிர் குறைவாக இருந்தது அவர் வயலில்தான்.

அவர் வரம்போரத்தில் மூன்றாவது குவியலிலேயே கிடைத்தது. பழுப்புப் பஞ்சின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி, மீசையால் தட்டித் தட்டி நடந்தது. யோகராணியிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு குணரத்தினம் வாங்கிப் பார்த்தார்.

"இதுதானோ என்ர வயலைக் காப்பாத்தினது?"

"இதாத்தான் இருக்கும்."

"நான் படுத்துக்கிடந்து வளர்த்தனான்" என்றார் யோகராணியைப் பார்த்து. "நீங்கள் ஊரைக் கூட்டி எரிச்சனீங்கள்."

நான் குணரத்தினத்தை ஒரு முறை முறைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் சோம்பேறிகளாக, கொஞ்சம் ஒற்றுமை இல்லாதவர்களாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள். அச்சில் இருந்ததை நம்பி, ஒழுங்காக, ஒன்றாகச் செய்தார்கள். அதனால் கெட்டார்கள். எரித்தது மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். போன வருஷம் மழையும் தப்பிப் பெய்தது. ஆனால் இரண்டு வயலுக்கும் ஒரே மழைதான். வித்தியாசம் நெருப்பு.

யாரும் பார்க்காமல் வயலில் பாதி வேலையை இந்தப் பூச்சிகள்தான் செய்துகொண்டிருக்கின்றன. புழுவை நாம் பார்க்கிறோம், அதனால் புழுவுக்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. குளவி கண்ணில் படுவதில்லை. அதற்காகப் பேச ஆறு வரிதான் இருந்தது.

சனிக்கிழமை மாலை கமக்காரர் கூட்டம், அதாவது விவசாயிகள் கூட்டம், முன்பள்ளிக் கட்டடத்தில். பெரிய பெரிய ஆட்கள் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். தலைவர் நரைத்த மீசைக்காரர், நிதானமானவர். திங்கட்கிழமை காலை எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் கிருமிநாசினி, நாம் சொல்லும் பூச்சிமருந்து, அடிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். அடித்தால் குணரத்தினத்தின் வயலில் மிஞ்சியிருக்கும் குளவியும் போய்விடும். அதுதான் என் கவலை. யோகராணியின் கவலை வேறு. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் முன்னால் நின்று வாசித்தவர்.

நான் எழுந்து நின்றேன். மேடைப் பேச்சு எனக்கு வராது. இருந்ததைச் சொன்னேன். "டீச்சர் மேல தப்பு இல்லை. புத்தகத்துல பாதியை வெட்டிட்டாங்க. வெட்டுனது நான் இல்லை. ஆனா அச்சடிக்கறதுக்கு முன்னால சரிபார்க்கச் சொல்லி மெய்ப்பு எனக்கு வந்துச்சு. அன்னைக்கு முட்டை அட்டை செய்யுற கூடத்துல எறும்பு ஏறிடுச்சு. எறும்பை விரட்டிக்கிட்டே, படிக்காம 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டார். "அப்ப நீங்கள் எழுதினதை நீங்களே வாசிக்கேல்ல. நாங்கள்தான் ஒரு எழுத்தும் விடாம வாசிச்சனாங்கள்."

"ஆமா" என்றேன்.

குளவியைப் பற்றிச் சொன்னேன். குணரத்தினத்தின் வரம்பில் பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருந்ததைக் காட்டினேன். குணரத்தினம் எழுந்து தன் வயலைச் சாட்சிக்கு அழைத்தார். "நீ இரு, உன்ர இடுப்பு நோகும்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"அம்மா, நீங்கள் சொல்லுறது உண்மையாத்தான் இருக்கும். ஆனா போன முறை வாசிக்கேக்கையும் உங்கட புத்தகம் உண்மை மாதிரித்தான் இருந்தது. ரெண்டாம் தரமும் ஊரை வச்சுப் பரிசோதிக்க ஏலாது."

கை தூக்கச் சொன்னார்கள். மருந்து அடிப்பது என்று முடிவாயிற்று. யோகராணியின் இரண்டு ஏக்கர், அதை ஒட்டிய குணரத்தினத்தின் வயல், இரண்டுக்கும் நடுவே ஓடும் வாய்க்கால் கரை, இவ்வளவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அதுவும் ஒரு நிபந்தனையோடு. தலைவர் என்னிடம் சொன்னது இது. "நாங்கள் அச்சைப் பார்த்துத்தான் நம்பினனாங்கள். பிழை எண்டு அச்சில வரட்டும். புத்தகம் போட்டவரே சொல்லட்டும். அடுத்து வாற சிறுபோகத்துக்கு விதைக்க முந்தி ஒரு கூட்டம் இருக்கு. அதில டீச்சரே வாசிக்கட்டும். அது வராட்டி, அடுத்த முறை விலக்கு இல்லை."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்தோம். இங்கே ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கத்திலும் காலித் தயிர்ச் சட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன. சட்டிதான் நல்ல பாத்திரம் என்று கண்டுபிடித்தவர் யோகராணி. ஆழம் இருக்கிறது, காற்றுப் புழுவைத் தூக்கிக்கொண்டு போகாது. பழைய பேசினில் மண்ணெண்ணெய்த் தண்ணீர், நடுவில் செங்கல், செங்கல்லின் மேல் சட்டி, மழைக்கு மேலே ஒரு தகரத்துண்டு. இரண்டு வயலிலும் கிள்ளிய முட்டைக் குவியல்களைப் போட்டு ஏழு சட்டிகள் வைத்தோம். குணரத்தினத்துக்கு இடுப்பு வலிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு முறை வயலுக்குப் போனேன். நஸீர் ரோட்டில் காத்திருந்தார். குணரத்தினத்தின் வயலில் கிள்ளிய பழைய குவியல்கள் இருந்த மூன்றாவது சட்டியின் விளிம்பில் கறுப்பாக ஒன்று ஏறி நின்றது. இன்னொன்று. சிறகைக் காலால் தேய்த்துச் சரிசெய்துகொண்டது. யோகராணி பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. வெறும் கண்ணாலேயே குனிந்து பார்த்தார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக, முதுகில் டப்பாவோடு வயலில் இறங்கினார்கள். சிரிக்கவில்லை. வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். காற்று அவர்கள் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசியது. யோகராணி தகரத்துண்டுகளை ஒவ்வொன்றாகச் சட்டிகளின் மேல் இறக்கி மூடினார். "காத்துத் திரும்பட்டும், பேந்து திறக்கிறன். நீங்கள் போங்கோ மிஸ், பஸ் போயிடும்" என்றார். விளிம்பில் நின்ற இரண்டும் அதற்குள் பறந்துவிட்டன. எந்தப் பக்கம் போயின என்று எனக்குத் தெரியாது.

திருகோணமலையில் பேருந்துக்கு முன் பால் விடாத பிளேன்டீ ஒன்று குடித்தேன். துறைமுகத்தில் அந்தக் கப்பல் அதே இடத்தில் கிடந்தது. அவ்வளவு பெரிய கப்பல் எல்லோர் கண்ணிலும் படும். யாரும் தெரியாமல் அதை எரித்துவிட முடியாது.

பதிப்பாசிரியரே, ஊர் திரும்பியதும் உங்களுக்குத் தொலைபேசினேன். "இடம் போதவில்லை, நீங்கள்தான் சரி என்று கையெழுத்துப் போட்டீர்கள்" என்றீர்கள். போட்டேன். அதை முன்பள்ளிக் கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன், இதோ எல்லோரும் படிக்க அச்சிலும் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை. எனக்குக் கடிதம் போடாதீர்கள், கூப்பிட்டு வருத்தம் சொல்லாதீர்கள். நீங்கள் நடத்தும் மாத இதழில், சிறுபோக விதைப்புக்கு முன், உங்கள் பெயரைப் போட்டு, அந்த ஆறு வரிகளையும் முழுதாகப் போட்டு, எதற்காக அவற்றை எடுத்துவிட்டு அந்த விளம்பரத்தை வைத்தீர்கள் என்று பதில் சொல்லுங்கள். உரத்து வாசிக்கிற மாதிரி எழுதுங்கள். தம்பலகாமத்தில் ஒரு பெண் எழுந்து நின்று அதை வாசிக்க வேண்டும்.